ஆயிரம் எழுத்துக்கு ஐந்து ஃபென்: சீனக் ‘கல்டிவேஷன்’ நாவல்களின் ருசியும் கசப்பும்

கேள்வி இது: “சீன ‘கல்டிவேஷன்’ நாவல் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் ஐம்பது அத்தியாயம் படித்துவிட்டேன். நடை சப்பை, ஆட்கள் அட்டைப் பொம்மைகள், அடுத்து என்ன நடக்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இதில்? மேலே படிக்கலாமா?”

மூச்சுப் பயிற்சியாலும் தியானத்தாலும் படிப்படியாகச் சக்தி சேர்த்து, சாகாநிலையை நோக்கி ஏறுபவர்களைப் பற்றி இணையத்தில் தொடராக வரும் கதைகள்தான் ‘கல்டிவேஷன்’ நாவல்கள். நான் இந்தக் குழியில் விழுந்து பத்து வருஷமாகிறது. நடுவில் இரண்டு முறை ஏறிவந்து மறுபடி விழுந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன குறைகள் எல்லாமே உண்மை. அவற்றைத் தெரிந்துகொண்டேதான் கோடிக்கணக்கான சீன வாசகர்களும் படிக்கிறார்கள். ‘குப்பைதான், ஆனால் ருசியான குப்பை’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

ஷுவாங் என்று ஒரு சீனச் சொல் உண்டு. உச்சி வெயிலில் நடந்து வந்து, பானைத் தண்ணீரை ஒரு சொம்பு அண்ணாந்து குடித்தால் தொண்டையில் இறங்குமே, அந்தச் சுகம். முதுகில் கை எட்டாத இடத்தில் அரிப்பெடுக்கும்போது யாரோ சரியாக அங்கேயே சொறிந்துவிட்டால் வரும் சுகமும் அதுதான். இந்த வகைக் கதைகளுக்கு அங்கே பெயரே ஷுவாங்வென், சுகம் தரும் எழுத்து. நம்பும்படி இல்லையே என்று இதைக் குறை சொல்வது, பஞ்சுமிட்டாயில் சத்தில்லை என்று சொல்வதைப் போன்றது.

சுகம் எப்படித் தயாராகிறது என்பதற்கு ஒரே ஒரு கதையின் தொடக்கத்தைப் பார்த்தால் போதும். 2009-இல் தொடங்கி 2011-இல் முடிந்த ‘பேட்டில் த்ரூ தி ஹெவன்ஸ்’. 1,600 அத்தியாயங்களுக்கு மேல். எழுதியவர் தியான்சான் துதோவ். புனைபெயர்தான், துதோவ் என்றால் உருளைக்கிழங்கு. இந்த உலகத்தில் புனைபெயர்கள் எல்லாமே இப்படித்தான். ‘நான் தக்காளி சாப்பிடுகிறேன்’ என்ற பெயரில் ஒருவர், ‘முக்குளிக்கப் பிடித்த கணவாய்’ என்ற பெயரில் இன்னொருவர், இரண்டு பேரும் உச்ச நட்சத்திரங்கள்.

முதல் காட்சி ஒரு பரிட்சை. குலத்தார் கூடியிருக்கும் திடலில் ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. பதினைந்து வயது சியாவ் யான் அதன்மேல் உள்ளங்கையை வைக்கிறான். ‘தோவ் சக்தி, மூன்றாம் படி’ என்று கல்லில் எழுத்து ஒளிர்கிறது. கூட்டம் சிரிக்கிறது. பதினோரு வயதில் ஊரே வாய்பிளந்து பார்த்த மேதை அவன். மூன்று வருஷமாக அவன் சேர்க்கும் சக்தியெல்லாம் எங்கோ காணாமல் போகிறது. அடுத்த சில அத்தியாயங்களில், சிறுவயதில் அவனுக்கு நிச்சயித்த பெண் நாலான் யான்ரான் ஒரு பெரிய மடத்தின் பின்பலத்தோடு வந்து, குலத்தார் முன்னிலையிலேயே நிச்சயத்தை முறிக்கச் சொல்கிறாள். அப்பாவின் முகம் வெளிறுகிறது. பையன் எழுந்து, மூன்று வருஷம் கழித்து உன் மடத்துக்கே வந்து மோதுகிறேன் என்று சவால் விடுகிறான். அப்போது அவன் சொல்லும் பழமொழி இன்று சீனாவில் நகைச்சுவைத் துணுக்குகளில்கூடப் புழங்குகிறது: ‘முப்பது வருஷம் ஆற்றின் கிழக்கே, முப்பது வருஷம் ஆற்றின் மேற்கே; இளைஞன் ஏழை என்று ஏய்க்காதே.’ நம் ‘யானைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்’தான். அதற்கப்புறம் அவன் விரலில் கிடக்கும் மோதிரத்துக்குள்ளிருந்து ஒரு கிழவரின் ஆவி எழுந்து வருகிறது. மூன்று வருஷமாக அவன் சக்தியைத் தின்றுகொண்டிருந்தது தான்தான் என்கிறது. அதற்கு ஈடாக அவனுக்குக் குருவாகிறது.

இதில் முக்கியம் அந்தக் கல். அவமானம் இங்கே மனசுக்குள் நடப்பதில்லை. எல்லார் கண்ணெதிரிலும், அளவுகோலோடு, மதிப்பெண் பட்டியல் மாதிரி நடக்கிறது. ஆகவே அதைத் திருப்பிக் கொடுப்பதும் எல்லார் கண்ணெதிரிலும், அளவுகோலோடு நடந்தாக வேண்டும். ‘முகத்தில் அறைவது’ என்று இதற்கு வாசகர்கள் வைத்த பெயர் ஒரு கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 2024-இல் சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அந்தத் தேர்வுக்காகவே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் எழுதி, அந்தப் பிள்ளைகளே படிக்கும் கதை இது. மூச்சுப் பயிற்சி, அடித்தளம் இடுதல், பொற்குளிகை உருவாக்குதல், கருஆன்மா பிறத்தல் என்று படிகள் வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆயுள் கூடும். அடித்தளத்தில் இருநூறு வருஷம், கருஆன்மா நிலையில் ஆயிரம் என்பது வழக்கமான கணக்கு. பதவி உயர்ந்தால் சம்பளத்தோடு சேர்த்து ஆயுளையும் ஏற்றிக்கொடுக்கும் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மந்திரமும் டிராகனும் வெறும் தோரணம்தான். படிப்பவனுக்கு உண்மையில் விற்கப்படும் கனவு வேறு: உழைத்தால் மீட்டர் ஏறும், ஏறியது இறங்காது, ஏறியதை யாரும் மறைக்க முடியாது, ஏளனம் செய்தவன் நேரில் வந்து பார்ப்பான். நிஜ வாழ்க்கையில் இந்த நான்கில் ஒன்றுகூட உறுதியில்லை. சிறு வயதிலிருந்து எனக்கும் கிடைத்ததில்லை.

இந்தக் கனவுக்குள் ஒரு மோசடி இருக்கிறது. கதை உழைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். நாயகனைத் தூக்கிவிடுவது உழைப்பாக இருக்காது. மோதிரக் கிழவர், முற்பிறவி நினைவு, தலைக்குள் பேசும் கணினி என்று யாருக்கும் கிடைக்காத ஒன்று அவனுக்குக் கிடைக்கும். இதற்குப் பெயர் ‘தங்க விரல்’. அது இல்லாத நூறு பையன்கள் அவனைவிட அதிகமாக உழைத்துச் செத்துப்போவதையும் கதை போகிற போக்கில் காட்டும், நின்று பார்க்காது. என் பார்வையில் இந்த வகையின் ஆகச்சிறந்த நாவல், இந்த மோசடியை மறைக்காமல் கணக்கெழுதியதால்தான் சிறந்ததாயிற்று. 2008-இல் தொடங்கிய அந்தக் கதையை ‘ஒரு சாதாரண மனிதன் அமரனாகும் வரலாறு’ என்று சொல்லலாம். நாயகன் ஹான் லி கிராமத்துப் பையன். கறுப்பு, தோற்றத்திலும் திறமையிலும் சுமார் ரகம். அவனுக்கு ஒரு சின்னப் பச்சைக் குப்பி கிடைக்கிறது. இரவில் வெளியே வைத்தால் ஒளிப்புள்ளிகளை இழுத்துக்கொண்டு, சில நாட்களில் ஒரே ஒரு துளி பச்சைத் திரவம் தரும். அதை மூலிகைக்கு விட்டால் பல வருஷ முதிர்ச்சி ஒரே நாளில் வந்துவிடும். மற்றவர்கள் ஒரு வேருக்காக மூன்று தலைமுறை காத்திருக்க, இவன் கொல்லையிலேயே விளைவித்துக்கொள்கிறான்.

அப்புறம்தான் விஷயம். இந்த வேரை எங்கே விற்பது? ஒன்றை விற்றால் அதிர்ஷ்டசாலி என்பார்கள், மூன்றை விற்றால் பின்தொடர்ந்து வந்து கழுத்தை அறுப்பார்கள். ஆகவே ஊர் ஊராகப் போய், முகத்தை மறைத்து, ஒவ்வொரு கடையிலும் கொஞ்சமாக விற்கிறான். வீராவேசமாகச் சண்டை போடுவதை விட ஓடி ஒளிவதே அதிகம். நூற்றுக்கணக்கான அத்தியாயங்களுக்கு இந்த நாவல் ஒரு பதுக்கல்காரனின் பயத்தைப் பற்றியது. மூலதனம் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் ஏறுவான், அதுவும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும். பொருளாதாரப் பாடநூல் எதிலும் இதை இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

இந்தக் கதைகளின் வேர்கள் ஆழமானவை. சாரத்தை மூச்சாக்கி, மூச்சை ஆன்மாவாக்கி, ஆன்மாவைச் சூனியத்தில் கரைக்கும் தாவோ மரபின் உள்ரசவாதம்தான் இந்தப் படிகளின் மூலம். சித்தர் பாடல்களில் காயகற்பமும் குளிகையும் பார்த்த நம்மவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. போகர் சீனம் போய்வந்ததாக நம் மரபிலேயே கதை இருக்கிறதே. பறக்கும் வாள், மடங்களின் போர் எல்லாம் 1932-இல் தொடராக வரத் தொடங்கிய ‘ஷூ மலை வாள்வீரர்கள்’ கதையில் ஏற்கனவே இருந்தவை. அந்த மரபில் ஞானம் என்பது துறப்பது. இன்றைய நாவலில் அது சேர்ப்பது. தாவோவைத் தேடிப் போகிறவன் பையில் எத்தனை ஆன்மக் கற்கள், அதாவது அந்த உலகத்துக் காசு, இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே போகிறான்.

இந்த எண்ணும் புத்தி எங்கிருந்து வந்தது என்றால், கதை விற்கப்படும் விதத்திலிருந்து. ‘தொடக்கப்புள்ளி’ என்று பொருள்படும் ச்சீதியான் தளம் 2003-இல் கட்டண வாசிப்பைக் கொண்டுவந்தது. முதல் சில பத்து அத்தியாயங்கள் இலவசம். அதற்குமேல் ஆயிரம் எழுத்துக்கு இத்தனை ஃபென். நூறு ஃபென் ஒரு யுவான். ஐந்து ஃபென் என்று வைத்தால், மூவாயிரம் எழுத்துள்ள ஓர் அத்தியாயம் பதினைந்து ஃபென், நம் பணத்தில் சுமார் இரண்டு ரூபாய். யாருக்கும் கனக்காத காசு. ஆனால் 50 லட்சம் எழுத்துக் கதையை லட்சம் பேர் படித்தால் எழுதியவர் கோடீஸ்வரர். ஒரு நாளும் விடாமல் அத்தியாயம் போட்டால் ‘முழு வருகை’ ஊக்கத்தொகை உண்டு, பள்ளிக்கூடத்தில் தருவார்களே, அதே பெயரில். காய்ச்சல், கல்யாணம், சாவு எதுவானாலும் தினமும் நாலாயிரம், ஆறாயிரம் எழுத்து. உச்சியில் இருக்கும் சிலரை விட்டால், மற்றவர்களுக்கு இது துண்டுக்கணக்குக் கூலிதான். 2020 மே 5 அன்று, ஒப்பந்த விதிகளை எதிர்த்து எழுத்தாளர்கள் பலர் ‘இன்று அத்தியாயம் கிடையாது’ என்று ஒரு நாள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

எழுத்துக்குக் கூலி என்றால் எழுத்து பெருகத்தானே செய்யும்? பாலில் தண்ணீர் கலப்பது போல ‘தண்ணீர் ஊற்றுவது’ என்றே அங்கே சொல்கிறார்கள். ஒரு குத்து எப்படி மூன்று அத்தியாயமாகிறது என்று பாருங்கள், இது நான் புனைந்ததுதான்:

நாயகன் கையை ஓங்குகிறான். அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயத்தில் எதிராளி ஏளனமாகச் சிரிக்கிறான், “சாவைத் தேடி வருகிறாயா?” மேடையோரத்து மூத்தவர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுகிறார், “இது... வழக்கொழிந்துபோன ஒன்பது மேகக் குத்தல்லவா!” அந்தக் குத்தின் ஆயிரம் வருஷ வரலாறு இரண்டு பக்கம். கூட்டம் மூச்சை உள்ளே இழுக்கிறது. மேல்மாடத்தில் ஒரு பெண்ணின் கண்ணில் வியப்பு. அத்தியாயம் முடிந்தது. மூன்றாவதில் குத்து விழுகிறது, புழுதி கிளம்புகிறது, புழுதி அடங்கும்வரை காத்திருக்கிறோம். அடங்கியதும் தெரிகிறது, எதிராளிக்குத் துணையாக அவன் அண்ணன் வந்து நிற்கிறான்.

‘குளிர்காற்றை உள்ளே இழுத்தார்கள்’ என்ற வாக்கியம் எத்தனை லட்சம் முறை எழுதப்பட்டிருக்கும் என்று தெரியாது. பூமி சூடாவதற்கே இந்தக் கூட்டங்கள் குளிர்காற்றை இழுத்து இழுத்துத் தீர்த்ததுதான் காரணம் என்று சீன வாசகர்கள் கேலி செய்வார்கள். மொழிபெயர்ப்பில் இது இன்னும் மோசமாகத் தெரியும். மூலத்தில் ஆறெழுத்துப் பழஞ்சொல்லாக நொடியில் கடந்துபோவது, ஆங்கிலத்தில் ‘கண்ணிருந்தும் தாய்ஷான் மலையைக் காணாதவனே’ என்று ஒரு முழு வரியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் நடை சப்பை என்று நீங்கள் சொன்னதில் பாதிப் பழியை மொழிபெயர்ப்பின் மேல் போடலாம். மீதிப் பாதி மூலத்துக்கே சேரும்.

நீட்டலின் இன்னொரு வடிவம் ‘வரைபடம் மாற்றுவது’. ஊரில் எல்லாரையும் வென்றதும் நாயகன் நகரத்துக்குப் போகிறான். ஊரின் உச்ச வீரன் அங்கே வாயிற்காவலன். நகரத்தை வென்றால் பேரரசு, அப்புறம் கண்டம், அப்புறம் மேலுலகம். ஒவ்வொரு முறையும் பரமபதத்தில் பாம்பு கொத்தியது போல அடிக்கட்டத்துக்கு வந்து மறுபடி ஏற வேண்டும். முதல் முறை சுகம். இரண்டாம் முறையும் பரவாயில்லை. நான்காம் முறை ஒரு கேள்வி வரும்: ஐந்நூறு அத்தியாயம் முன்னால் உயிரைக் கொடுத்து வென்ற அந்தக் கோப்பைக்கு இப்போது என்ன மதிப்பு? அந்த ஊர், அந்தத் தோழன், அந்தப் பகை, எல்லாமே கழற்றிவிடப்பட்ட ரயில் பெட்டி. முடிவும் பெரும்பாலும் சொதப்பும். அவசரமாக முடித்தால் ‘அழுகிய வால்’ என்பார்கள். எழுத்தாளர் பாதியிலேயே மறைந்துவிட்டால், கதை ‘அலியாகிவிட்டது’ என்கிற பொருளில் ஒரு கொச்சையான வசைச்சொல்லும் உண்டு.

இதெல்லாம் தொழில் குறைகள், மன்னித்துவிடலாம். எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. எல்லாவற்றையும் அளக்கும் கண்ணுக்கு, மற்ற மனிதர்கள் எப்படித் தெரிவார்கள்? பெண்கள் பரிசுக் கோப்பைகள். முன்னூறாம் அத்தியாயத்தில் உயிரைக் கொடுத்து அவனைக் காப்பாற்றியவள் எழுநூறாம் அத்தியாயத்தில் எங்கே என்று எழுதியவருக்கே நினைவிருக்காது. ஏலக்கூடத்தில் முறைத்த ஒரு பணக்காரப் பையனுக்காக அவன் குலம் முழுவதும் அழிக்கப்படும். ‘புல்லை வெட்டினால் வேரையும் பிடுங்கு’ என்பது இங்கே ஞானமொழி. அந்தப் பையனின் வீட்டு வேலைக்காரர்களுக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்துவிட்டு, நாயகன் அமைதியாகத் தியானத்தில் உட்கார்ந்துவிடுவான். தொடக்கத்தில் பலவீனன் என்று அவனை மிதித்த உலகம் கொடியது என்று நம்மை அழவைத்த அதே கதை, அவன் பலவான் ஆனதும் அந்த உலக நியதியைக் கேள்வி கேட்பதே இல்லை. யார் மேலே, யார் கீழே என்பது மட்டும்தான் மாறியிருக்கும். நவீன நகரத்தில் நடக்கும் கதைகளில் இது இன இழிவாகவும் வெளிப்படும். ஜப்பானியரையோ கறுப்பினத்தவரையோ வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்து நான் சிலவற்றை அங்கேயே மூடிவிட்டேன்.

இந்த நியாயத்தை அதன் கடைசிப் படிவரை கொண்டுபோய்க் காட்டிய ஒரு நாவல் இருக்கிறது, ‘ரெவரெண்ட் இன்சானிட்டி’. ஐந்நூறு வருஷ நினைவோடு பின்னோக்கி வந்து பதினைந்து வயதில் மறுபடி தொடங்கும் ஃபாங் யுவான் அப்பட்டமான வில்லன். தம்பி, காதல், குலம் எல்லாமே அவனுக்கு இடுபொருள்கள். மற்ற நாயகர்கள் நல்லவன் வேஷத்தில் செய்வதை இவன் வேஷமில்லாமல் செய்கிறான், அவ்வளவுதான். படிக்கும்போது பயமாக இருக்கும், ஏனென்றால் அதுவரை நாம் கைதட்டிப் படித்த எல்லாக் கதைகளின் கணக்கும் இதேதான் என்பது தெரிந்துவிடும். சீனாவில் அது 2019-இல் முடக்கப்பட்டு, முடிவில்லாமலே நிற்கிறது.

காலப்போக்கில் இந்தக் கனவும் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2009-இல் பையன் மடத்து வாசலில் நின்று சவால் விட்டான். பத்து வருஷம் கழித்துப் பிரபலமான கதைகளில் ஒன்றின் தலைப்பே ‘எனக்கு மூத்த சகசீடர் ரொம்ப நிதானமானவர்’. அதன் நாயகன் பலத்தை மறைத்து, சண்டை வந்தால் காகிதப் பொம்மையை அனுப்பிவிட்டு, தப்பிக்கும் வழியை மூன்று முறை சரிபார்த்த பிறகே வெளியே வருகிறான். எகிறி அடிப்பதிலிருந்து மாட்டிக்கொள்ளாமல் பிழைப்பதற்குக் கனவு சுருங்கிவிட்டது. அங்கே வேலைக்குப் போகும் இளைஞர்களின் மனநிலையை இதைவிட நன்றாக எந்தத் தலையங்கமும் சொன்னதாகத் தெரியவில்லை.

சுகம் மட்டும் போதும், கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இப்போது வேறு கடை திறந்தாகிவிட்டது. எல்லாரும் மட்டம் தட்டும் வீட்டோடு மாப்பிள்ளை ஒருவன், உண்மையில் உலகையே ஆட்டிவைக்கும் ‘டிராகன் ராஜா’ என்று தெரியவந்து மாமியார் வாயடைத்துப்போகும் கதை ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. 2020-இல் அந்த நாவல்களுக்கு வந்த விளம்பரங்களில், ஒரு நடிகர் வாயைக் கோணலாக இழுத்துச் சிரித்தது நாடு முழுக்கக் கேலிப்பொருளானது. இன்று ஒன்றிரண்டு நிமிடக் குறுநாடகங்களாக உலகம் முழுக்கப் போகும் சரக்கு அதன் வாரிசுதான். அவமானம், வெளிப்பாடு, அறை. நடுவில் சோறே கிடையாது, வெறும் ஊறுகாய். அதோடு ஒப்பிட்டால் ஆயிரத்து அறுநூறு அத்தியாயம் தண்ணீர் ஊற்றிய உருளைக்கிழங்கார் எனக்குக் காவியகர்த்தாவாகத் தெரிகிறார்.

சரி, மேலே படிக்கலாமா என்று கேட்டீர்கள். ஐம்பதாவது அத்தியாயத்தில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். இலவசம் முடிந்து காசு தொடங்கும் இடம் அங்கே அருகில்தான் இருக்கும். கொக்கியை அங்கே போடவேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியும். இந்த வகையின் நல்ல பக்கத்தைப் பார்க்க ஹான் லியின் கதையை எடுங்கள். மனித உலகை விட்டு அவன் மேலுலகம் போகும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நான் நிறுத்தாமல் போய் வருந்தினேன். ஏறும் ஒவ்வொரு படிக்கும் மனசு எதையாவது விலையாகக் கொடுக்க வேண்டிய கதை வேண்டுமென்றால், 2018 முதல் 2020 வரை வந்த ‘லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸ்’. கணவாய்க்காரர் எழுதியது, முதல் இருபது அத்தியாயம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது எதுவானாலும், முதல் வரைபட மாற்றம்வரை மட்டும் படியுங்கள். புது ஊரின் வாயிற்காவலன் நாயகனைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கும் இடத்தில் உங்களுக்குக் கொட்டாவி வந்தால், மீதி ஆயிரத்துச் சொச்சம் அத்தியாயத்திலும் அதே கொட்டாவிதான்.